எஸ்வாட்டினியின் பழம்பாறைகளைக் காட்டும் இரண்டு நாள் சுற்று: ஒரு மதிப்புரை

எஸ்வாட்டினிக்குச் செல்வோரில் பெரும்பாலோர் காண்டாமிருகங்களையும் அரச விழாக்களையும் காணவே செல்கிறார்கள். 2018 வரை சுவாசிலாந்து என்று அழைக்கப்பட்ட அந்த நாட்டின் பரப்பு 17,364 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதன் மேற்குப் பாதியில் காலடியில் கிடக்கும் பாறைகளில் பெரும்பகுதி 300 கோடி ஆண்டுகளைத் தாண்டியது. அவற்றுக்காகவே சென்ற நான், தலைநகர் ம்பாபனேயிலிருந்து ஒரு சிறு நிறுவனம் நடத்தும் இரண்டு நாள் நிலவியல் சுற்றில் சேர்ந்துகொண்டேன். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் காணும் குறையும் நிறையும் பெரும்பாலும் பயணத்தின் அமைப்பைப் பற்றியவை என்பதால், இதே பாதையில் யாருடன் செல்பவருக்கும் அவை பொருந்தும்.

முதல் நாள் காலையில் ங்வென்யா சுரங்கத்தில் தொடங்கினோம். சுற்றின் மிகச் சிறந்த பகுதி அதுவே. ங்வென்யா என்றால் முதலை. மலையின் முதுகை மேற்கு எல்லைப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றாது. மலையில் உள்ள சிங்கக் குகை என்னும் இடத்தில் மனிதர்கள் 40,000 ஆண்டுகளுக்கும் முன்பே சிவப்புக் காவியும் ஹேமடைட் என்னும் பளபளக்கும் இரும்புத் தாதுவும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். உலகில் அறியப்பட்ட மிகப் பழைய சுரங்கங்களில் ஒன்று என்று அதைச் சொல்வது மிகையல்ல. குகைக்கு மலோலோட்ஜா இயற்கைக் காப்பகத்தின் வனக் காவலருடன்தான் செல்ல முடியும். அந்த ஏற்பாட்டையும் நுழைவுச் சீட்டையும் நிறுவனமே முன்கூட்டிச் செய்து வைத்திருந்ததால், வாயிலில் நாங்கள் காத்திருக்க நேரவில்லை.

குகை என்ற சொல்லைக் கேட்டு ஆழமான இருட்டை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார். அது செங்குத்தான சரிவில் குடையப்பட்ட ஆழமில்லாத பொந்துதான். ஆனால் அதன் சுவரில் விரலை மெல்ல வைத்து எடுத்தபோது, நுனியில் கருஞ்சாம்பல் நிறத்தில் மின்னும் மெல்லிய செதில்கள் ஒட்டிக்கொண்டன. கைக்குட்டையால் துடைத்தபோது அவை அகலவில்லை. துணியில் மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. உடலில் பூசிக்கொள்ள ஒருவர் ஏன் இவ்வளவு உயரம் ஏறி வந்து கல்லால் கல்லைக் குடைந்தார் என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கியது. வழிகாட்டியும் அப்போது எதுவும் பேசாமல் ஒதுங்கி நின்றார். விளக்கத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த வழிகாட்டியைப் பயணங்களில் நான் அதிகம் கண்டதில்லை.

இரும்பு அங்கே எப்படி வந்தது என்பதையும் அவர் நன்றாகவே விளக்கினார். ஏறத்தாழ 320 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல்நீரில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு நீரிலேயே கரைந்து கிடந்தது. அது சிலிக்காவோடு மாறி மாறிப் படிந்து, சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையான பாறையாக இறுகியது. அதே தாதுவுக்காக 1964 முதல் 1977 வரை நவீன திறந்தவெளிச் சுரங்கம் இயங்கியது. தாதுவைக் கடற்கரைக்குக் கொண்டு செல்லவே மொசாம்பிக் வழியாக நாட்டின் முதல் ரயில்பாதை போடப்பட்டது. அந்தப் பெருங்குழியில் இப்போது தண்ணீர் தேங்கி நிற்கிறது. பல்லாயிரம் ஆண்டு இடைவெளி உள்ள இரண்டு சுரங்கங்களையும் ஒரே சரிவில் நின்று பார்க்க வைத்தது நல்ல யோசனை. இங்கே முழுதாக இரண்டு மணி நேரம் தந்தார்கள்; அதில் ஒரு நிமிடத்தையும் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

அங்கிருந்து மலோலோட்ஜா காப்பகத்தின் ஓரமாக வடக்கே சென்று கொமாட்டி ஆற்றைப் பார்க்கும் மேட்டில் வண்டியை நிறுத்தினார்கள். இந்த ஆற்றின் பெயரைத்தான் 1969இல் நிலவியலாளர்களான வில்யூன் சகோதரர்கள் தாங்கள் விவரித்த ஒரு புதுவகை எரிமலைப் பாறைக்கு வைத்தார்கள். கொமாட்டியைட் எனப்படும் அந்தப் பாறையின் மூல இடம் எல்லைக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவில் இருப்பதால், வழிகாட்டி தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். புல்லைக் கத்தையாக அள்ளிக் கல்லுக்குள் பதித்ததுபோல நீண்ட மெல்லிய படிகங்கள் அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. மக்னீசியம் மிகுந்த அந்த எரிமலைக் குழம்பு 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வெளிவந்து, வெளியே வந்ததும் விரைவாகக் குளிர்ந்ததன் தடயம் அது. இன்றைய எரிமலைகள் கக்கும் பசால்ட் குழம்பின் வெப்பம் ஏறத்தாழ 1,200 டிகிரிதான். பூமியின் உட்புறம் அன்று எவ்வளவு சூடாக இருந்தது என்பதை அந்தத் துண்டைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் எனக்குச் சொன்னதில்லை.

இந்தப் பாறைகள் அமைந்த பார்பர்டன் மகோன்ஜ்வா மலைத்தொடர் எல்லையைத் தாண்டி இந்த நாட்டுக்குள்ளும் நீள்கிறது; ஆனால் 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது அதன் தென்னாப்பிரிக்கப் பக்கம் மட்டுமே. அந்தப் பக்கத்தில் சாலையோரத்தில் விளக்கப் பலகைகள் நிறுவிய தனி நிலவியல் பாதையே உண்டு. இந்தப் பக்கத்தில் நாங்கள் நின்ற இடங்களில் ஒரு பலகையும் இல்லை. ஆகையால் இங்கே வழிகாட்டியின் பேச்சைத்தான் முழுதாக நம்ப வேண்டியிருக்கிறது. அவர் எவ்வளவு அறிந்தவர் என்பதே சுற்றின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

என் பெரிய மனக்குறைக்கு வருகிறேன். இந்த நாட்டின் மிகப் பழைய பாறை பழம்நைஸ் தொகுதியைச் சேர்ந்தது; நைஸ் என்பது ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பட்டைப் பாறை. பிக்ஸ் பீக் வட்டாரத்தில் அதன் சில பகுதிகள் 366 கோடி ஆண்டு வயதுடையவை என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் அறியப்பட்ட மிகப் பழைய பாறைகளில் அவை அடங்கும். அப்படிப்பட்ட பாறைக்கு இந்தச் சுற்று ஒதுக்கியது இருபது நிமிடம், அதுவும் வெளிச்சம் மங்கத் தொடங்கிய பிறகு. பாலத்தருகே வண்டியை நிறுத்தி ஆற்றுப்படுகையில் இறங்கினோம். பார்வைக்கு அது சாதாரண சாம்பல் நிறப் பாறைதான். அதனால்தான் அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். நான் குடிநீர்ப் புட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஊற்றிய பிறகே அது தன்னைக் காட்டியது. வெளிறிய பட்டையும் கரும்பட்டையும் விரல் அகலத்தில் மாறி மாறி ஓடின. ஓரிடத்தில் அவை மடிந்து, பிசைந்து உருட்டிய மாவின் வெட்டுமுகம்போல் சுருண்டிருந்தன. அந்தச் சுருளை ஊடறுத்து இளஞ்சிவப்பில் ஒரு நரம்பு நேராகச் சென்றது. பட்டை முதலில் உருவாகி, பிறகு மடிந்து, மடிந்ததற்கும் பிறகே நரம்பு புகுந்திருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தராமலே படிக்கலாம். மூன்று நிகழ்ச்சிகள் என் உள்ளங்கை மூடும் பரப்பில் இருந்தன. நான் இன்னும் குனிந்திருந்தபோதே வண்டியின் கதவு திறக்கும் ஒலி கேட்டது.

வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்ற கேள்விக்கும் அங்கே நேரமில்லாமல் போயிற்று. சொல்வதற்கு அது கடினமான செய்தி அன்று. பாறைக்குள் உள்ள சிர்கான் என்னும் நுண்ணிய படிகம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்கிறது, ஈயத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. யுரேனியம் 238 பாதியாகச் சிதைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். அந்தச் சிதைவின் முடிவில் ஈயம் எஞ்சுகிறது. 366 கோடி ஆண்டு வயதுள்ள சிர்கானில் தொடக்கத்தில் இருந்த யுரேனியம் 238இல் பாதிக்குச் சற்றுக் குறைவானது ஈயமாகியிருக்கும். இரண்டின் விகிதமே கடிகாரம். ஆற்றுப்படுகையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லியிருந்தால், சாம்பல் நிறக் கல்லுக்கு முன்னால் சலித்து நின்ற மற்றப் பயணிகளும் குனிந்திருப்பார்கள்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் விளம்பரத் தாள் இதை உலகின் மிகப் பழைய பாறை என்கிறது. அது சரியன்று. கனடாவின் அகாஸ்டா நைஸ் ஏறத்தாழ 400 கோடி ஆண்டு பழமையானது. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று என்ற பெருமையே போதுமானதாக இருக்கும்போது, இல்லாத பட்டத்தைச் சூட்டுவது, விவரம் தெரிந்த பயணியின் நம்பிக்கையைத்தான் குலைக்கும்.

இரண்டாம் நாளின் முற்பகல் முழுவதும் ம்பாபனேக்கு வடக்கே உள்ள சிபேபே பாறைக்குப் போய்விடுகிறது. ஏற்றம் கடுமையானது, காட்சி அருமையானது, புகைப்படங்கள் நன்றாக வரும். வழுக்கையான அந்தக் கிரானைட் முகடு ஏறத்தாழ 310 கோடி ஆண்டு பழமையானது. உலகிலேயே இரண்டாவது பெரிய ஒற்றைப்பாறை என்று அதைப் பலரும் சொல்கிறார்கள்; ஆனால் கண்ணுக்குத் தெரியும் முகடு நிலத்தடியில் பரவிக் கிடக்கும் மிகப் பெரிய கிரானைட் உடலின் ஒரு முனைதான் என்பதால், அந்த வரிசை எண்ணுக்கு நிலவியலில் பொருள் இல்லை. அங்கே உண்மையில் கற்றுக்கொள்ளத் தக்கது, பாறை வெங்காயத் தோல்போல ஏடு ஏடாக உரிந்துகொண்டிருப்பது. ஆழத்தில் அழுத்தத்தில் இருந்த கல், மேலிருந்த சுமை அரித்துச் செல்லப்பட்ட பின் விரிந்து, பரப்புக்கு இணையாக வெடிக்கிறது. இதைக் காட்ட ஒரு மணி நேரம் போதும். எஞ்சிய நேரத்தை ஆற்றுப்படுகைக்கு மாற்றினால் இந்தச் சுற்று இரு மடங்கு மதிப்புப் பெறும்.

பிற்பகலில் கிழக்கே மன்சினியைக் கடந்து சிதேக்கி வரை செல்லும் பயணத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை; பெரும்பாலும் வண்டியின் சன்னல் வழியாகப் பார்த்ததுதான் என்றாலும் அது நிறைவாக இருந்தது. மேட்டுநிலக் கிரானைட்டும் நைஸும் முடிந்து சாலை தாழ்நிலத்துக்கு இறங்கும் இடத்தில், நிலக்கரி தாங்கிய, கரூ எனப்படும் இளைய படிவுப்பாறைகள் தொடங்குகின்றன. நடுவில் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு அங்கே பாறையாக எஞ்சவில்லை. அதற்குப் பின் பசால்ட் சமவெளி. அதன் கரிய மண்ணில் பாசனக் கரும்பு. கடைசியில் லுபோம்போ முகடு சுவர்போல எழுகிறது. அது சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கோண்டுவானா பெருங்கண்டம் பிளக்கத் தொடங்கிய காலத்து ரயோலைட் என்னும் எரிமலைப் பாறை. மேற்கே ஆற்றுப்படுகையில் தொட்ட கல்லின் வயதில் இது இருபதில் ஒரு பங்குதான். டைனோசர்கள் வாழ்ந்த காலத்துப் பாறையை இளம்பாறை என்று கூசாமல் சொல்ல முடிகிற நாடு இது.

வண்டி நல்ல நிலையில் இருந்தது, ஓட்டுநர் நிதானமானவர், உணவு போதுமானது. கட்டணத்தை எமலங்கேனியிலும் அதற்குச் சம மதிப்புள்ள தென்னாப்பிரிக்க ரேண்டிலும் வாங்கிக்கொண்டார்கள். காப்பகத்துக்குள் சுத்தியல் பயன்படுத்தவோ கல் எடுக்கவோ விடவில்லை. அதில் அவர்கள் காட்டிய கண்டிப்பைப் பாராட்டுகிறேன். ஆனால் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு ஒரே ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி (கைவில்லை) வைத்திருந்தது ஏற்கத் தக்கதன்று. நிலவியல் வரைபடத்தின் நகல் ஒன்றும் யாருக்கும் தரப்படவில்லை. மேற்கிலிருந்து கிழக்கே காலம் எப்படி மாறுகிறது என்பதை மடியில் விரித்த வரைபடத்துடன் பார்த்திருந்தால் அந்த நீண்ட சாலைப் பயணம் இன்னும் பொருள் பெற்றிருக்கும்.

பதிவு செய்பவர்கள் மூன்று செய்திகளை முன்பே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பிக்ஸ் பீக் பக்கத்து ஆற்றுப்படுகை முற்பகலில் வர வேண்டும், அங்கே குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும், சிபேபே ஏற்றத்தை விரும்பினால் குறைத்துக்கொள்ள வாய்ப்பு வேண்டும். கைவில்லையை நீங்களே கொண்டு செல்லுங்கள். மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களில் செல்வது நல்லது; மழைக்காலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து பாறை முகங்களை மறைத்துவிடும், ஆறும் பெருகி அந்தச் சுருண்ட பட்டைகளின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்.