14 மாதமாக ஒரே டிகிரீசர்: பிசுக்கும் போனது, 62 எண்ட் கவரும் போனது

டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "டீசலை விட்டுட்டு டிகிரீசருக்கு மாறிட்டீங்களாமே, நானும் அதே கேனை வாங்கட்டுமா?" என்று கேட்டார். டிகிரீசர் என்றால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி எடுக்கும் மருந்து. வேலை நடுவில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அவருக்காகவும், இதே கேள்வி உள்ளவர்களுக்காகவும் முழுசாக எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது கோவையில் ஒரு சின்னப் பட்டறை. மூன்று லேத், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் வெட்டும் ஒரு வி.எம்.சி. மெஷின். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். முக்கால்வாசி வார்ப்பிரும்பு உருப்படிகள். முன்பெல்லாம் பாதியாக வெட்டிய டிரம்மில் டீசல் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து அனுப்புவோம். பத்தடி தள்ளி கிரைண்டிங் வீல் பொறி பறக்க ஓடிக்கொண்டிருக்கும். அந்த டிரம்மைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அது போக, டீசல் காய்ந்தாலும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். பெயிண்ட் அடித்த பம்ப் பாடியில் நகத்தால் கீறினாலே உரிகிறது என்று இரண்டு முறை லாட் திரும்பி வந்தது. அப்புறம்தான் தண்ணீரில் கலக்கும் காரவகை டிகிரீசரை வாங்கினோம். 20 லிட்டர் கேன்.

இரும்பைப் பொறுத்தவரை இதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர், 55 டிகிரி சூடு, பத்து நிமிட ஊறல் போதும். சூடு இல்லாமல் கலவையைக் கெட்டியாக்கிப் பார்த்தோம், பிரயோஜனம் இல்லை. மருந்தைவிடச் சூடுதான் வேலை செய்கிறது. சுத்தமானதா என்று பார்க்க எங்களிடம் ஒரே சோதனை. அலசிய உருப்படியின் மேல் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பிடிப்போம். எண்ணெய் மிச்சமிருந்தால் தண்ணீர் முத்து முத்தாகப் பிரிந்து நிற்கும். போயிருந்தால் கண்ணாடித்தாள் ஒட்டியது போல முழுப் பரப்பிலும் ஒரே படலமாக இறங்கும். டீசலில் கழுவிய காலத்தில் அந்தப் படலத்தை நான் பார்த்ததே இல்லை. மாறியதிலிருந்து பெயிண்ட் உரிந்ததாக ஒரு லாட்கூடத் திரும்பவில்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று, காலையில் தொட்டியைத் திறக்கும்போது கிடைப்பது. ராத்திரி ஆறியதும் எண்ணெய் முழுக்கப் பிரிந்து மேலே வந்து, கறுப்பு ஏடு போல நிற்கிறது. மக்கால் வழித்து டிரம்மில் ஊற்றிவிட்டால் அடியில் கரைசல் தெளிவாக இருக்கும், மறுபடி சூடேற்றலாம். சில டிகிரீசர்கள் எண்ணெயைப் பால் போலக் கலக்கிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது, தொட்டியோடு கொட்ட வேண்டியதுதான். இதில் ஒரு தொட்டிக் கரைசல் ஐந்தாறு வாரம் வருகிறது. பழைய கரைசலைச் சாக்கடையில் விட முடியாது. நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் எண்ணெய் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தொட்டியின் பி.எச். 13. தனியாகப் பிடித்து, உரிமம் உள்ளவரிடம் கொடுக்கிறோம். அதற்கும் காசுதான்.

மழைக்காலத்தில் துரு தொல்லை உண்டு. எண்ணெய் முழுசாகப் போன வார்ப்பிரும்பு, ஈரக்காற்று பட்டால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் காவி பூத்துவிடும். கடைசி அலசல் தண்ணீரில் துருத்தடுப்பான் கலந்து, உடனே ஏர் கன் அடித்துவிட்டால் தப்பிக்கலாம். போர் தண்ணீரில் அலசினால் வெள்ளைத் திட்டு விழுகிறது. கடைசி அலசலுக்கு மட்டும் சிறுவாணித் தண்ணீர்.

இனி, ஆறு மாதமாகியும் எனக்கு ஆறாத விஷயம். மோட்டாரின் முனையை மூடும் எண்ட் கவர் 62 உருப்படி வந்தது. அலுமினிய வார்ப்பு, பேரிங் உட்காரும் குழியான பேரிங் சீட் கடைந்து முடித்தது. கேனில் பெரிய எழுத்தில் 'மல்டி பர்ப்பஸ்' என்று இருந்தது. அதை நம்பி, இரும்பு போலத்தானே என்று மதியம் தொட்டியில் போட்டோம். நடுவில் வேறு அவசர வேலை வந்து, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பையன் போய்ப் பார்த்தான். "அண்ணா, சோடா மாதிரி பொங்குதுங்கண்ணா" என்று கத்தினான். மேலே எடுத்தால் அத்தனையும் அடுப்புக்கரி நிறம். விரல் வைத்தால் கறுப்பு ஒட்டுகிறது. காரம் அலுமினியத்தைக் கரைத்துவிட, அந்த அலுமினிய உலோகக் கலவையில் இருந்த சிலிக்கன் பொடியாக மேலே நின்றிருக்கிறது. பொங்கியது ஹைட்ரஜன், பக்கத்தில் கிரைண்டிங் ஓடாதது எங்கள் நல்ல நேரம். கறுப்பைத் தேய்த்து எடுத்துவிடலாம், கரைந்த பேரிங் சீட்டை என்ன செய்வது? இறுக்கமாக உட்கார வேண்டிய பேரிங் கையாலேயே வழுக்கி உள்ளே போனது. 62-ம் ஸ்கிராப். காஸ்டிங் பணமும் எங்கள் தலையில்.

அதற்குப் பிறகு டிகிரீசர் விற்றவர்களிடம் கேட்டு வாங்கிய பாதுகாப்புத் தகவல் தாளில் எல்லாம் இருந்தது. ஒன்பதாம் பகுதியில் பி.எச்., பத்தாம் பகுதியில் 'அலுமினியம், துத்தநாகத்தோடு சேர்க்கக்கூடாது'. எட்டாம் பகுதியில் நீண்ட நைட்ரைல் கையுறை, கண்ணாடி. அதுவரை பையன்கள் வெறுங்கையை விட்டிருக்கிறார்கள். சோப்பு போல வழவழவென்று இருக்கிறது என்பார்கள். அது அவர்கள் தோலில் இருக்கும் கொழுப்பு சோப்பாக மாறுகிற வழவழப்பு. ஒருவனுக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்துப் போயிருந்தது. நான் கேட்ட பிறகு வாட்ஸப்பில் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, கேனின் முன்பக்கம் இரண்டு வரி அச்சடிக்க ஏன் முடியவில்லை?

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். உங்கள் கடையில் கிராங்க் கேஸ், ஹெட், கார்புரேட்டர் என்று பாதிச் சாமான் அலுமினியமும் துத்தநாகக் கலவையும்தான். பி.எச். 9-ஐத் தாண்டாத, அலுமினியத்துக்கென்றே சொல்லி விற்கும் ரகத்தைத் தேடுங்கள். முதலில் தாளை வாங்கிப் படியுங்கள், அப்புறம் காசைக் கொடுங்கள். எந்தக் கேனாக இருந்தாலும் ஓர் உடைந்த துண்டை ஒரு மணி நேரம் ஊறப்போட்டுப் பார்த்துவிட்டு உருப்படியைப் போடுங்கள்.

ஐந்துக்கு எத்தனை என்றால் ஒன்றுதான் கொடுப்பேன். அடுத்த மாதத்துக்கும் இதே கேனுக்குத்தான் ஆர்டர் போட்டிருக்கிறேன். இரும்புக்கு இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. தொட்டி மேல் சிவப்பு பெயிண்டில் 'அலுமினியம் போடாதே' என்று நாங்களே எழுதி வைத்திருக்கிறோம்.