ஒரே தளம், மூன்று முகவரிகள்: ஹியூகோவுடன் நான்கு ஆண்டுகள்

என் குறிப்புகள் இருக்கும் தளத்தை, எழுதியதை இணையப் பக்கங்களாக மாற்றித் தரும் ஹியூகோ என்ற மென்பொருளில் நடத்த ஆரம்பித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் கிட்ஹப் பேஜஸ் என்ற தளம் வைக்கும் சேவையில் இருந்தது. இப்போது சொந்த டொமைனில், என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வர் மென்பொருள் ஓடும் வாடகை சர்வரில் இருக்கிறது. வெள்ளோட்டம் பார்க்கத் தனியாக ஒரு முகவரியும் உண்டு.

முதன்முதலாக ஏற்றிய அன்று, கணினியில் பளிச்சென்று இருந்த பக்கம் இணையத்தில் வெறும் எழுத்தாக வந்து நின்றது. கிட்ஹப் பேஜஸில் ஒரு ப்ராஜெக்டின் தளம் டொமைனுக்கு நேர் கீழே இருக்காது. அதன் ஃபைல்களை வைத்திருக்கும் ரெப்போவின் பெயரில் உள்ள துணைப்பாதையில் இருக்கும். என் டெம்ப்ளேட்டில், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல் ஃபைலின் பாதை சாய்கோட்டில் (/) தொடங்கியது. அதனால் பிரவுசர் துணைப்பாதையை விட்டுவிட்டு டொமைனின் வேரில் போய்த் தேடியது. பாதையை அமைத்துத் தரும் ஹியூகோவின் ‘ரெல் யூஆர்எல்’ ஃபங்ஷனைப் போட்டேன், அப்போதும் வரவில்லை. பாதை சாய்கோட்டில் தொடங்கினால் அந்த ஃபங்ஷன் துணைப்பாதையைச் சேர்ப்பதில்லை என்று புரிய ஒரு மாலைப்பொழுது போனது. அந்த ஒரு கோட்டை அழித்ததும் எல்லாம் சரியானது.

அதன்பிறகுதான் தளத்தின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலைப் பிரித்தேன். பொதுவானவை ‘டீஃபால்ட்’ ஃபோல்டரில். ‘ப்ரொடக்ஷன்’ (உண்மையான தளம்), ‘ஸ்டேஜிங்’ (வெள்ளோட்டத் தளம்) இரண்டிலும் மாறுகிறவை மட்டும். என்னிடம் அது பெரும்பாலும் தளத்தின் முகவரியைச் சொல்லும் பேஸ் யூஆர்எல் என்ற ஒரே வரி. நம் கணினியிலேயே தளத்தைப் பார்க்க உதவும் ஹியூகோவின் சர்வர் கட்டளை தானாகவே டெவலப்மென்ட் சூழலை எடுத்துக்கொள்ளும், ஏற்ற வேண்டிய பக்கங்களை உருவாக்கும் பில்ட் கட்டளை ப்ரொடக்ஷனை எடுக்கும். ஸ்டேஜிங் வேண்டுமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்துப்போன வசதி இதுதான்.

ஸ்டேஜிங்கில் ஒரு தவறு செய்தேன். தேடுபொறிகள் வரக்கூடாதென்று, அவை எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் ஃபைலிலும் தடுத்தேன், தேடலில் காட்டாதே என்னும் ‘நோஇண்டெக்ஸ்’ குறியும் பக்கத்தில் வைத்தேன். தடுத்துவிட்டால் அந்தக் குறியை அவை எப்படிப் படிக்கும்? வெள்ளோட்ட முகவரி தேடலில் வந்துகொண்டே இருந்தது. தடையை எடுத்துக் குறியை மட்டும் விட்டபிறகே மறைந்தது.

பழைய இணைப்புகளைத் திருப்பிவிட ஹியூகோவின் ‘ஏலியாஸ்’ போதும். அது சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கமாகவே உருவாவதால் எந்த ஹோஸ்டிங்கிலும் ஓடும். பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சர்வரே சொல்லும் முறையான 301 வேண்டுமென்றால் என்ஜின்எக்ஸில்தான் எழுத வேண்டும். நான் முக்கியமான சிலவற்றுக்கு மட்டும் எழுதியிருக்கிறேன். ‘பக்கம் இல்லை’ என்று காட்டும் 404 பக்கத்தை கிட்ஹப் பேஜஸ் தானே எடுத்துக்கொண்டது, என்ஜின்எக்ஸில் அதற்கும் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் பில்ட் செய்த பக்கங்கள் சேரும் ‘பப்ளிக்’ ஃபோல்டர் முழுக்க, என் கணினியையே குறிக்கும் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுகிறேன். ஒன்று கிடைத்தாலும் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்கிறேன்.