யூரிக் ஆசிட் ஏறிருச்சா? பருப்பையும் கருவாட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்போம்

நம்ம இலங்கை மலைநாட்டுல யாருக்காவது பிளட் ரிப்போர்ட்ல யூரிக் ஆசிட் கூடன்னு வந்துச்சுன்னா அன்னைக்கே வீட்ல தீர்ப்பு சொல்லிருவாங்க, பருப்ப நிறுத்துங்கன்னு. ஹட்டன்ல கேட்டாலும் பண்டாரவளையில கேட்டாலும் இதே கததான். பருப்பு, கீரை, போஞ்சி எல்லாத்தையும் ஒதுக்கிட்டு அந்த மனுசன் ரொட்டியும் மாசி இடிச்சுப் போட்ட சம்பலும் வச்சு சாப்புடுவாரு, பக்கத்துல மூணு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, பின்னேரம் ஆனா கொஞ்சம் சாராயம், இதுல எதுலயும் யாரும் கை வைக்க மாட்டாங்க.

மொதல்ல இந்த சாமான் எங்கருந்து வருதுன்னு பாத்துருவோம். பியூரின்னு ஒன்னு, நம்ம உடம்பு செல்லுலயும் இருக்கு, சாப்புடுற செல்லுலயும் இருக்கு, அது ஒடஞ்சு முடியிற கடைசி கழிவுதான் யூரிக் ஆசிட். ஏறத்தாழ மூணுல ரெண்டு பங்கு உடம்பு தானா தயாரிக்கிறது, மிச்சம்தான் சாப்பாட்டுலருந்து வருது. வெளிய தள்ற வேலைல பெரும்பங்கு கிட்னிக்கு. 100 மில்லி ரத்தத்துல 6.8 மில்லிகிராம் தாண்டிட்டா கரைஞ்சு நிக்க முடியாம மூட்டுல ஊசி ஊசியா படிய ஆரம்பிக்கலாம், குளிர்ல இன்னும் கொறவாத்தான் கரையும், அதான் உடம்புலயே குளுந்து கெடக்கிற கால் பெருவிரலத் தேடிப் போய் புடிக்குது, இந்த மூட்டு வியாதியத்தான் கவுட் வாதம்னு சொல்றாங்க. நுவரெலியா பக்கம் ஜனவரி விடியக்காலைல மேஸ் போடாம சிமெந்து தரைல நடக்கிறவங்க இத கொஞ்சம் யோசிங்க.

இப்ப பருப்பா கருவாடா. ஜப்பான்காரங்க இந்த வியாதிக்காரங்களுக்கு வச்சிருக்கிற கணக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் பியூரினத் தாண்டக் கூடாதுன்னு. ஒரு ஆள் சோத்துக்கு ஊத்திக்கிற மைசூர் பருப்புக் கறில 50ஐத் தாண்டுறதே கஷ்டம். காஞ்ச நெத்திலில 100 கிராமுக்கு பல நூறு மில்லிகிராம் இருக்கு, தண்ணி வத்திப் போன மீன்ல எல்லாம் செறிஞ்சு கெடக்கும்ல. அவ்வளவு யாரு சாப்புடுறான்னு கேப்பீங்க, நியாயந்தான், ஆனா ஒரு கைப்புடி நெத்திலிய வெங்காயம் போட்டு வதக்குனா அதுவே பருப்ப விட ரெண்டு மூணு மடங்கு வந்துரும். கணக்க விடுங்க, அமெரிக்காவுல 47,150 ஆம்பளைங்கள 12 வருசம் கவனிச்சு 2004ல ஒரு ஆய்வு வந்துச்சு, எறச்சியும் மீனும் கூடுதலா தின்னவங்களுக்குத்தான் கவுட் வாதம் கூடுதலா வந்துருக்கு, பருப்பு, கீரை, காளான், பூக்கோவா மாதிரி பியூரின் உள்ள மரக்கறி சாப்புட்டவங்களுக்கு கூடவே இல்ல. லயத்துல ஒரு குடும்பத்துக்கு கையில காசுக்கு கெடைக்கிற புரதமே பருப்புதான், அதப் புடுங்கிட்டா அப்புறம் மாவும் சோறும் மட்டுந்தான் மிச்சம்.

கருவாட்ட அப்புடியே விட மனசு வராதவங்க (எனக்கும் வராது) தலையக் கிள்ளிப் போட்டுட்டு வெந்நில கொஞ்ச நேரம் ஊற வச்சு அந்தத் தண்ணியக் கொட்டிட்டு அப்புறம் சமைங்க, பியூரின் தண்ணில எறங்கும், உப்பும் போகும். இதே காரணத்தாலதான் எறச்சி எலும்பு சூப்பு ஆபத்து, எறங்குனதெல்லாம் அந்தத் தண்ணிலதான இருக்கு. மூட்டு வலின்னு படுத்துருக்கிறவருக்கு அத ஆசையா கொதிக்க வச்சு குடுக்கிறாங்க பாருங்க. ஈரலப் பத்தி சொல்லவே வேணாம், கோழி ஈரலோ மாட்டு ஈரலோ பட்டியல்ல மேலதான் நிக்குது.

பியரா சாராயமா? பியர்தான் மோசம். அதே ஆம்பளைங்க கூட்டத்துல தெனம் ஒரு பியர் குடிக்கிறவங்களுக்கு கவுட் வாய்ப்பு ஏறத்தாழ 49 வீதம் கூட, சாராயம் மாதிரி வடிச்ச சரக்குல ஒரு பெக்குக்கு 15 வீதம். பியர்ல பியூரினே இருக்கு, அதோட எந்த மதுவும் உடம்புல லாக்டிக் ஆசிட்ட கூட்டி கிட்னிய யூரிக் ஆசிட்ட வெளிய தள்ள விடாது. கித்துள் கள்ளுலயும் ஈஸ்ட் மிதக்குது, அதனால அத நான் பியர் பக்கந்தான் வைப்பேன். இதக் கேட்டுட்டு "அப்ப சாராயம் பரவால்லயா தம்பி"ன்னு சந்தோசப்படாதீங்க மாமா, ஒரு பெக்கோட நிறுத்திக்கிறவரு யாரு?

ஆனா நான் உண்மைல சண்ட போடப் போறது சீனியோட. சீனில பாதி பிரக்டோஸ், ஈரல் அதக் கையாளும்போது செல்லோட சக்தி சரக்கு படபடன்னு செலவாகி ஒடஞ்சு யூரிக் ஆசிட்டாவே மாறும், அதாவது பியூரின் ஒரு பொட்டு இல்லாத சாமான் இத ஏத்துது. நாளைக்கு அஞ்சு கப்பு, கப்புக்கு மூணு தேக்கரண்டி, 60 கிராம் சீனி, அதுல 30 கிராம் பிரக்டோஸ். சீனிக்குப் பதிலா கித்துள் சக்கரைய கடிச்சுக்கிட்டு பிளேன்டீ குடிச்சா தப்பிச்சோம்னு நெனைக்கிறவங்களுக்கு, அதுலயும் பெரும்பாலும் இருக்கிறது அதே சீனிச் சத்துதான். கலர் சோடா இன்னும் கேவலம், தெனம் ரெண்டும் அதுக்கு மேலயும் குடிச்சவங்களுக்கு கவுட் வாய்ப்பு 85 வீதம் கூடன்னு 2008ல வந்த ஆய்வு.

தேயிலை மேல பழி இல்ல, அது ஏத்துறதுமில்ல எறக்குறதுமில்ல. கோப்பி குடிக்கிறவங்களுக்கு அளவு கொறவா இருக்குன்னு பாத்துருக்காங்க. நம்ம பாட்டன் பூட்டன கப்பல்ல கொண்டாந்தது கோப்பித் தோட்டத்துக்குத்தான், இலை நோய் வந்து 1869லருந்து அது அழிஞ்சு தேயிலை ஆச்சு, அது வேற கத.

பால், தயிர் நல்ல பக்கம், கொழுப்பு எடுத்ததுன்னா இன்னும் நல்லது, அம்பேவெல பண்ணை பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அது லேசு. டின் பால் இந்தக் கணக்குல வராது, அதுல பாதி கிட்ட சீனிதான், கடை யோகட்டும் இனிப்புத்தான்.

தண்ணி கத வேற மாதிரி, அது கொறஞ்சாலும் யூரிக் ஆசிட் ஏறும். மலைல கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க ஒதுங்க எடம் இல்லாம காலைலருந்து தண்ணி குடிக்காமயே நிக்கிறாங்க, அவங்ககிட்ட போய் நெறைய தண்ணி குடிங்கன்னு புத்திமதி சொல்றது லேசு, மலைல கக்கூஸ் கட்டிக் குடுக்கிறதுதான் வேலை. அதே மாதிரி கோயில் திருவிழாவுக்கு நாள் கணக்கா பட்டினி விரதம் இருந்தாலும் யூரிக் ஆசிட் ஏறும், கெறங்கிக் கெடந்து எடை கொறைக்கிற வேலையும் அதே.

கடைசி போட்டி, பத்தியமா குளிசையா. எவ்வளவு கட்டுப்பாடா சாப்புட்டாலும் சாப்பாட்டால எறங்குறது பொதுவா 1 மில்லிகிராம் அளவுதான். 7.5ல நிக்கிறவருக்கு அது பெரிய விசயம், 9.5ல நிக்கிறவரு பத்தியத்த நம்பிக்கிட்டு இருந்தா 8.5ல நிப்பாரு, வலி வந்து வந்து போகும். அடிக்கடி மூட்டு வீங்குறவங்களுக்கு டாக்டர் எழுதுற அலோபியூரினால் 6க்கு கீழ கொண்டு வரத்தான், வலி போச்சுன்னு ரெண்டு மாசத்துல நிறுத்துறதுக்கில்ல. மறுபக்கம் வலியே இல்லாம ரிப்போர்ட்ல மட்டும் நம்பர் கூட இருந்தா பொதுவா குளிசை தேவப்படாது. கிளினிக் போறப்ப பிரசர் குளிசைப் பையையும் எடுத்துட்டுப் போங்க, ஹைட்ரோகுளோரோதையசைட் மாதிரி மூத்திரம் போக வைக்கிற குளிசையே யூரிக் ஆசிட்ட ஏத்தும், லோசாட்டான் கொஞ்சம் எறக்கும், மாத்தலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க, நீங்களா நிறுத்திறாதீங்க.