ஏஞ்சலா, ஷாலிமாரா?

திருகோணமலையில் வறண்ட சூடான கச்சான் காற்று வீசும் நாட்களில் இனிப்பு வாசனைத் திரவியம் பூசத் துணிச்சல் வேண்டும். 1992இல் வந்த, முக்லர் நிறுவனத்தின் ஏஞ்சலுக்கு அது தாராளம். அதிலுள்ள எத்தில் மால்ட்டோல் என்ற வேதிப்பொருள் தும்பு முட்டாஸ் மணத்தைத் தருகிறது. அடியில் பச்சோலி என்ற வாசனை இலை மண்வாசனையாய்க் கிடக்கிறது. (அந்தப் பெயரே நம் ‘பச்சை இலை’யிலிருந்து போனது என்பார்கள்.) கலியாண வீட்டு வாசலை மிதிக்குமுன்பே சிரிப்புச் சத்தம் கேட்கும் பெரியம்மா மாதிரி: அன்பு அதிகம், அடக்கம் குறைவு. வெயிலில் இரண்டு முறை விசிறினால் பஸ் முழுவதும் அவர்தான்.

கெர்லன் நிறுவனத்தின் ஷாலிமார், 1925, வேறு குணம். முதலில் பெர்கமொட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் புளிப்பு, பிறகு மெல்ல வனிலா, சற்றே புகை. பின்னேரம் உப்புவெளிக் கரையில் பேசாமல் பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிநேகிதி. பகலுக்கு நான் இதையே எடுப்பேன். ஏஞ்சல் மார்கழி மழைக்கு.