விப்பிள் ஆபரேஷன்: வயித்த திறந்தா, துளை போட்டா, ரோபோவுலயா?

பெரியப்பாவுக்கு கணையத்தோட தலைப்பகுதியில கட்டினு ஸ்கேன்ல வந்த அன்னிக்கு ராத்திரியே வீட்ல பேச்சு ஆரம்பிச்சிடுச்சு, அதை எடுக்கிற விப்பிள் ஆபரேஷனை வயித்த திறந்து ஓப்பனா பண்றதா, துளை போட்டு லேப்ரோஸ்கோபியா, ரோபோவானு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அப்ப நான் படிச்சதும் டாக்டருங்ககிட்ட கேட்டு தெரிஞ்சுகிட்டதும்தான் இது.

மூணுலயும் உள்ள நடக்கிற வேலை ஒண்ணுதாங்க. கணையத்தோட தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாய்ல ஒரு பாகம், சிலருக்கு இரைப்பையோட கடைசி பகுதியும், இதெல்லாம் எடுத்துட்டு மிச்சம் இருக்கிற கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூணையும் குடலோட திரும்ப தைக்கணும். இதுல கணையத் தையல்தான் பெரிய பயம், ஏன்னா மெத்துனு இருக்கிற கணையத்துல தையல் நிக்கறது கஷ்டம், அங்க லீக் ஆகி சாப்பாட்டை செரிக்க வைக்கிற கணைய ஜூஸ் கசிஞ்சா பக்கத்துல இருக்கிற ரத்தக்குழாயையே அரிச்சு ரத்தம் கொட்டிடும். வெளிய தழும்பு எவ்ளோ நீளம்ங்கிறதெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

ஓப்பன்ல வலி ஜாஸ்தி, எழுந்து நடக்க நாளாகும், உண்மைதான். ஆனா கட்டி, குடல்லருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டு போற போர்ட்டல் வெயினை ஒட்டி இருந்தா அந்த இடத்தை வெட்டி திரும்ப இணைக்கணும், அதுக்கு கையும் இடமும் வேணும், அதனால அந்த மாதிரி கேஸ்ல பெரும்பாலான சர்ஜன்கள் ஓப்பன்தான் சொல்றாங்க.

லேப்ரோஸ்கோபி பத்தி நம்ம கோயம்புத்தூர்லயே ஜெம் ஹாஸ்பிடல்ல டாக்டர் பழனிவேலு டீம் 64 பேரை ரெண்டு குரூப்பா பிரிச்சு பாத்தாங்க, 2017ல வெளியாச்சு. லேப்ரோஸ்கோபி (சுருக்கமா லேப்) குரூப் சராசரியா 7 நாள்ல வீட்டுக்கு போனாங்க, ஓப்பன் 13 நாள். இத மட்டும் படிச்சா யாரா இருந்தாலும் லேப்தான் கேப்பாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் நெதர்லாந்துல நடந்த லெப்பர்ட்-2 ஆய்வை படிச்சேன், அங்க லேப் பண்ண 50 பேர்ல 5 பேர் சிக்கலால இறந்துட்டாங்க, ஓப்பன்ல 49 பேர்ல ஒருத்தர். ஆய்வையே பாதியில நிறுத்திட்டாங்க. அதே ஆபரேஷன் சீனாவுல 2021ல வந்த பெரிய ஆய்வுல ரெண்டு பக்கமும் இறப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா அங்க பண்ண சர்ஜன் ஒவ்வொருத்தரும் ஏற்கனவே நூறுக்கு மேல லேப் விப்பிள் பண்ணவங்க. முறையை விட பண்றவங்களோட அனுபவம்தான் பெருசுனு எனக்கு புரிஞ்சது இந்த இடத்துலதான்.

ரோபோவுல கருவியோட நுனி மணிக்கட்டு மாதிரி வளையும், படம் ஆழத்தோட தெரியும், அந்த சின்ன தையலுக்கு அது நிஜமாவே உதவி. பில்லு எகிறும். கட்டியை கையால தொட்டு பாக்கிற உணர்வு சர்ஜனுக்கு கிடைக்காது.

கட்டி கணையத்தோட வால் பக்கம் இருந்தா கதை வேற, அங்க குடலோட இணைக்கிற வேலையே இல்ல, அதனால துளை போட்டு பண்றது நல்லாவே ஒத்துவருது.

எங்க சர்ஜன்கிட்ட கேட்ட முதல் கேள்வி, வருஷத்துக்கு எத்தன விப்பிள் பண்றீங்க சார், லீக் ஆனா ராத்திரியில ஐசியூவும் ரத்தம் கொட்டுற குழாயை அடைக்கிற டாக்டரும் இருக்காங்களானு. அமெரிக்காவுல 2002ல வந்த ஒரு கணக்குல கணைய ஆபரேஷன் ரொம்ப குறைவா நடக்கிற ஆஸ்பத்திரிகள்ல இறப்பு 16 சதவீதம், ரொம்ப அதிகமா நடக்கிற இடத்துல 4 சதவீதத்துக்கும் கம்மி. எந்த ரோபோவும் இவ்ளோ வித்தியாசம் காட்டி நான் படிக்கல.

கட்டி வெயினை உரசிட்டு இருந்ததால பெரியப்பாவுக்கு ஓப்பன்தான் பண்ணாங்க. சீக்கிரம் தேறணும்னு நாங்க தவிச்சது கீமோவுக்காக, ஆபரேஷன் முடிஞ்சு 12 வாரத்துக்குள்ள ஆரம்பிக்க பாருங்கனு சொல்லியிருந்தாங்க. 2018ல வந்த ஆய்வுல ஆபரேஷனுக்கு அப்புறம் மாத்தியமைச்ச ஃபோல்ஃபிரினாக்ஸ்ங்கிற பல மருந்து சேர்ந்த கீமோ போட்டவங்களோட சராசரி ஆயுள் 54 மாசம், ஜெம்சிடபின்ங்கிற ஒரே கீமோ மருந்து மட்டும் போட்டவங்களுக்கு 35. பெரியப்பாவுக்கு ஒன்பதாவது வாரத்துல முதல் கீமோ ஏறுச்சு.