முயல் மூஸும் கட்டாத பில்களும்: மோலி கீனின் ‘குட் பிஹேவியர்’

அயர்லாந்து எழுத்தாளர் மோலி கீனின் இந்த நாவலில், முதல் அத்தியாயத்திலேயே அம்மா செத்துப்போகிறாள். முயல்கறி என்றாலே அவளுக்குக் குமட்டும். மகள் அரூன் அதையே அரைத்து, பிரிஞ்சி இலையும் மிளகும் சேர்த்து மூஸ் என்ற நுரைபோல் மென்மையான பதார்த்தம் செய்து, கோழி என்று பொய் சொல்லிக் கொடுக்கிறாள். உயிர் போன கையோடு, அதை மதியச் சாப்பாட்டுக்குச் சூடாக வைத்திருக்கும்படி வேலைக்காரி ரோஸுக்கு உத்தரவு வேறு!

அங்கிருந்து கதை பின்னோக்கிப் போய், அயர்லாந்துப் பிரபுக் குடும்பமொன்றின் மாளிகையான டெம்பிள் ஆலிஸில் நடக்கிறது. குதிரை, வேட்டை, விருந்து எதற்கும் குறைவில்லை. கடைக்காரர் பில்கள் மட்டும் கட்டப்படுவதில்லை. அழுவதும் பணத்தைப் பற்றிப் பேசுவதும் அநாகரிகம் என்பது அந்த வீட்டுச் சட்டம். மகன் செத்தபோதுகூட யாரும் வாய்விட்டு அழுவதில்லை.

கதை சொல்லும் அரூனுக்கு எல்லாம் கண்ணில் படும், எதுவும் புரியாது. நாவலின் சூட்சுமமே இதுதான். தம்பியின் நண்பன் ரிச்சர்ட் ஓர் இரவு அவள் அறைக்கு வந்து படுக்கையில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுப் போகிறான். அதைக் காதல் என்று நம்பி வருடக்கணக்கில் காத்திருக்கிறாள். அவன் ஏன் வந்தான் என்பது, அந்த இரண்டு பையன்களையும் கவனித்துவந்த வாசகருக்கு உடனே பிடிபடும். வேகமாகப் புரட்டினால் இது வெறும் பணக்கார வீட்டு வம்பாகத் தெரியும். அரூன் சொல்வதை அப்படியே நம்பினால் பாதி நாவல் கைநழுவும். பிள்ளைகளுக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லும் மிஸஸ் பிராக் வரும் பகுதியை நிதானமாகப் படியுங்கள், புத்தகத்தின் உச்சம் அதுதான். முடித்தபின் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினால் ரோஸின் கோபத்துக்கு அர்த்தம் வேறாகிவிடும்.

எம். ஜே. ஃபாரல் என்ற புனைபெயரில் எழுதிவந்த கீன், 1952க்குப் பிறகு வெளியிட்ட முதல் நாவல் இது. 1981இல் சொந்தப் பெயரில் வந்து, அந்த வருடமே புக்கர் பரிசின் குறும்பட்டியலிலும் ஏறியது.

குறையும் உண்டு. வெளியே அயர்லாந்து விடுதலைப் போராட்டத்தில் நாடே புரண்டுகொண்டிருந்த காலம். வீட்டுக்குள் அதன் சத்தம் அநேகமாகக் கேட்பதே இல்லை. அரூனின் பார்வை அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லலாம், ஆனாலும் வரலாறு தேடுபவருக்கு ஏமாற்றம்தான். ரோஸைத் தவிர மற்ற வேலைக்காரர்கள் மனதில் நிற்பதில்லை. நடையில் சிரமமில்லை, வேட்டைச் சொற்கள்தான் சிலவற்றுக்கு அகராதி கேட்கும்.

இவ்வளவு குரூரம் வேண்டாம் என்பவர்கள் 1983இல் வந்த ‘டைம் ஆஃப்டர் டைம்’ எடுக்கலாம். பாழடைந்த வீட்டில் வயதான உடன்பிறப்புகள் நால்வர் ஓயாமல் முட்டிக்கொள்ளும் கதை.