கைமாறும் புத்தகமா, புலனக் குழுவா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில் நண்பர்களுக்குப் புத்தகம் சொல்ல இரண்டு வழி: ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக்கடை) நேரில் கைமாற்றுவது, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அட்டைப்படம் போடுவது.

வேகத்தில் புலனம்தான். கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனவர்களுக்கும் உடனே தெரிந்துவிடும். ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே பரிந்துரை மாலைக்குள் காணாமல் போகும். கட்டைவிரல் காட்டியவர்களில் யார் வாசித்தார்கள் என்பது முருகனுக்கே வெளிச்சம்.

கைமாற்றினால் ஆள் பார்த்துக் கொடுக்கலாம். அதனால் என் ஓட்டு இதற்கே. 1942-43இல் ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோனதைச் சொல்லும் நாவலை, அங்கே கொள்ளுத்தாத்தாவை இழந்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டு, "ஏண்ணே இதை யாரும் எங்களுக்குச் சொல்லல?" என்று வந்து நிற்பான். அப்புறம் தே தாரேக் ஆறிப்போகும் வரை பேச்சுத்தான். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தால் இன்னும் நல்லது (சிலர் திட்டுவார்கள், எனக்குப் பிடிக்கும்).

செலவும் மிச்சம், தமிழ்நாட்டுப் புத்தகம் இங்கே ரிங்கிட்டில் கொஞ்சம் கடிக்கும். ஒரே தொல்லை, கொடுத்தது திரும்பாது. வாங்கியவர் பெயரைக் குழுவிலேயே போட்டுவிடுங்கள். புலனம் அதற்கு நன்றாகவே உதவும்.